மன்றத்து சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் கணினி மன்றத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் வரும் கேள்விகளைக் கொஞ்ச காலமாகக் குறித்துக்கொண்டே வந்தேன். பேட்ச் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். முதலில் உறுப்பினர்களுக்கு வருகிற சந்தேகங்கள். போகப் போக அட்மின்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற விஷயங்கள். சர்வரில் லினக்ஸ் ஓடுகிறது, டெபியனோ உபுண்டுவோ, என்று வைத்துக்கொண்டுதான் எல்லாப் பதிலும்.

அண்ணா, பாஸ்வேர்டு மறந்துட்டேன். பழசு என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?

ரூட்டாக (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) இருந்தாலும் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் பாஸ்வேர்டு சர்வரில் எங்கேயும் அப்படியே எழுதி வைக்கப்படவில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் ஒன்று மட்டும் ஷேடோ என்ற ஃபைலில் இருக்கிறது. ஹேஷைப் பின்னோக்கிப் பிரித்துப் பாஸ்வேர்டை எடுக்க வழியில்லை. புதிதாக ஒன்று வைத்துத் தரலாம், அவ்வளவுதான்.

அதற்கு நேரில் வாருங்கள், இல்லாவிட்டால் பதிவு செய்த மெயிலிலிருந்து கேளுங்கள். தெரியாத நம்பரிலிருந்து "நான்தான், அவசரம்" என்று வரும் செய்திக்கு மாற்றித் தர மாட்டோம். உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், கோபம் குறையும்.

கீ எல்லாம் சரியா போட்டாச்சு. ஆனாலும் பெர்மிஷன் டினைட்னே வருது, ஏன்?

வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி எஸ்எஸ்எச், அதில் பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் காட்டும் சாவிதான் கீ. பெரும்பாலும் கீயில் தப்பில்லை, அது இருக்கும் ஃபோல்டரில்தான் தப்பு. உங்கள் ஹோம் ஃபோல்டரிலோ, டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரிலோ, ஆதரைஸ்டு கீஸ் ஃபைலிலோ வேறு யாராவது எழுத முடிகிற மாதிரி அனுமதி இருந்தால் எஸ்எஸ்எச் சர்வர் அந்தக் கீயைக் கண்டுகொள்ளாது. உங்களிடமும் காரணம் சொல்லாது. டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, கீ ஃபைலுக்கு 600 கொடுங்கள்; இரண்டிலும் உங்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்று அர்த்தம். அதோடு ஹோம் ஃபோல்டரையும் பாருங்கள். குரூப் ப்ராஜெக்டுக்காக நண்பர்களுக்கு அதில் எழுத அனுமதி கொடுத்த நாளிலிருந்து லாகின் நின்றுபோனவர்கள் நிறைய.

அப்படியும் ஆகவில்லை என்றால் எந்த நேரத்தில் முயன்றீர்கள் என்று சொல்லுங்கள். நடப்பதைக் குறித்துவைக்கும் சர்வர் பக்க லாகில் காரணம் ஒரே வரியில் இருக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "சரியா இருக்கான்னு பாருங்க" என்று உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டிய பிரைவேட் கீயை எங்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அந்தக் கீயைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது உருவாக்க வேண்டியதுதான்.

நேத்து வரைக்கும் நல்லா லாகின் ஆச்சு. இன்னைக்கு ஹோஸ்ட் கீ மாறிடுச்சுன்னு பெரிய எழுத்துல மிரட்டுது. யாராவது ஹேக் பண்றாங்களா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் பத்தில் ஒன்பது தடவை நாங்கள் சர்வரை ரீஇன்ஸ்டால் செய்திருப்போம். உங்கள் கணினி முதல் முறை பார்த்த சர்வரின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கிறது. புதிய சர்வர் புதிய அடையாளம் காட்டியதும் கத்துகிறது. கத்துவது அதன் வேலை. உங்கள் கணினி நினைவில் வைத்த பழைய வரியை அழித்துவிட்டு உள்ளே போகும் முன், நாங்கள் அறிவித்திருக்கும் கைரேகை எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அட்மின்களுக்கு: ரீஇன்ஸ்டாலுக்கு முன் பழைய ஹோஸ்ட் கீக்களை எடுத்து வைத்துத் திரும்பப் போட்டால் இந்தக் கேள்வியே வராது. சர்வருக்குள் யாராவது புகுந்ததால்தான் ரீஇன்ஸ்டால் என்றால் மட்டும் பழையதைப் போடக் கூடாது. எச்சரிக்கையைப் பார்க்காமலே தாண்டிப் போக உறுப்பினர்களை நாமே பழக்கிவிட்டால், நிஜமாக நடக்கும் நாளிலும் அவர்கள் தாண்டித்தான் போவார்கள்.

டிஸ்க் ஃபுல்னு வருது. பெரிய ஃபைலை அழிச்சும் இடம் வரலையே?

இது நல்ல கேள்வி, இதற்குப் பதில் மூன்று நான்கு இருக்கிறது.

முதல் காரணம், அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. ஒரு உறுப்பினரின் சாட் பாட் டீபக் லாகை எழுதிக்கொண்டே இருக்கிறது, அது பல ஜிபி ஆகிவிட்டது, நீங்கள் ஆர்எம் போட்டு அழித்தீர்கள் என்று வையுங்கள். ஃபோல்டரிலிருந்து பெயர் போகும். பாட் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை டிஸ்க்கில் இடம் திரும்பாது. அது இன்னும் எழுதிக்கொண்டும் இருக்கும். டிஸ்க்கின் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை நிரம்பியது என்கிறது, ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியு கட்டளையில் பார்த்தால் பாதிகூட வரவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் ஓட்டினால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்கள் தெரியும். அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பும். அடுத்த தடவை லாகை அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள். பழைய லாகைத் தானே சுருட்டி அகற்றும் லாக்ரொட்டேட்டில் சேர்த்துவிட்டால் அதுவும் தேவைப்படாது.

இரண்டாவது, இடம் இருக்கிறது ஆனால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு) தீர்ந்துவிட்டது. லினக்ஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையான இஎக்ஸ்டி4-இல் மொத்தம் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வெப்சைட்டின் செஷன் ஃபைல்களோ கேஷ் ஃபைல்களோ லட்சக்கணக்கில் குட்டி குட்டியாகச் சேர்ந்தால் ஜிபி மிச்சமிருக்கும்போதே கதவு சாத்தப்படும். டிஎஃப் கட்டளையில் ஐநோடு கணக்கைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது, அதே இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். உறுப்பினர்களுக்கு இடமில்லை, அட்மின் சோதித்தால் எழுத முடிகிறது என்ற விசித்திரம் இதனால்தான். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் இந்த ஒதுக்கீடு நல்லது. 4 டிபி டேட்டா டிஸ்க்கில் 200 ஜிபியை முடக்குவது வீண்; டியூன்2எஃப்எஸ் கொண்டு குறைக்கலாம். இது எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு ஒதுக்கிய அளவு, அதாவது கோட்டா, முடிந்திருக்கும்.

சர்வர் ஆமை மாதிரி போகுது. யாரோ மைனிங் பண்றாங்க போல?

எல்லோரும் முதலில் மைனிங் (சர்வரைக் கிரிப்டோ நாணயம் தோண்ட வைப்பது) என்றுதான் சொல்வார்கள். லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 40 காட்டுகிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது என்றால் அது மைனிங் இல்லை. டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க் ஸ்டோரேஜுக்காகவோ காத்து நிற்கும் வேலைகளையும் லினக்ஸ் லோடில் சேர்த்துக்கொள்கிறது. டாப் திரையில் காத்திருப்பு சதவீதத்தைப் பாருங்கள். பல நேரம் டிஸ்க் சாகக் கிடக்கும், அல்லது ஒருவர் முழு டேட்டாசெட்டையும் ஜிப் செய்துகொண்டிருப்பார். சிபியு 100-இலேயே நிற்கிறது, பெயர் வினோதமாக இருக்கிறது, யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆளுக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு புராசஸ் என்று சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூசர் ஸ்லைஸில் வரம்பு போட்டுவிடுங்கள். இயங்குதளப் பாடத்தில் ஃபோர்க் (ஒரு புராசஸ் தன்னையே பிரதி எடுப்பது) நடத்தும் வாரம் வரும்போது அதன் அருமை புரியும்.

என் டிரெய்னிங் ராத்திரி முழுக்க ஓடிச்சு. காலைல பார்த்தா கில்டுன்னு இருக்கு. யார் அக்கா கில் பண்ணது?

ஆள் யாரும் இல்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். நினைவகம் சுத்தமாகத் தீர்ந்தால் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்று மற்றதைக் காப்பாற்றும். பெரும்பாலும் அதிகம் தின்பதைத்தான் எடுக்கும். கெர்னல் லாகில் உங்கள் புரோகிராமின் பெயரோடு பதிவாகியிருக்கும். இடையிடையே செக்பாயின்ட் சேமியுங்கள், டிரெய்னிங்கில் ஒரே தடவையில் ஏற்றும் டேட்டாவின் அளவை (பேட்ச்) குறையுங்கள். முந்தைய பதிலில் சொன்ன வரம்பைத் தாண்டினாலும் இதே கதிதான்.

எதுவும் வேலை செய்யல, கடைசில 777 போட்டேன், ஓடிச்சு. அப்படியே விட்டுடலாமா?

விடக் கூடாது. இந்த சர்வரில் இருக்கும் எல்லோரும் உங்கள் ஃபைலை மாற்றலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இன்னொருவரின் வெப்சைட்டில் ஓட்டை இருந்தால் அது வழியாக வருகிறவனும் மாற்றலாம். எஸ்எஸ்எச் கீயும் நின்றுபோகும், மேலே சொன்னது நினைவிருக்கும்.

வெப் சர்வருக்கு உங்கள் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்றால் குறை பெரும்பாலும் அந்த ஃபைலில் இருக்காது. அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் நுழையும் அனுமதி இல்லை. ஹோம் ஃபோல்டருக்கு 711 கொடுத்தால் வெளியாள் உள்ளே கடந்து போகலாம், என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க முடியாது. பாதையில் ஒவ்வொரு படிக்கும் என்ன அனுமதி என்று நேம்ஐ கட்டளை வரிசையாகக் காட்டும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா மட்டும் ஓடல.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானுக்கு உங்கள் ஷெல் அமைப்புகள் தெரியாது. பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சின்னது, தொடங்கும் ஃபோல்டர் வேறு, விர்ச்சுவல் என்விரான்மென்ட் கிடையாது. எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள், வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்புங்கள். கிரான்டாப் வரியில் சதவீதக் குறி இருந்தால் அது புது வரியாக எடுத்துக்கொள்ளப்படும். தேதியைப் பெயரில் சேர்க்கும் பேக்கப் ஸ்கிரிப்டுகள் அங்கேதான் உடைகின்றன.

வெப்சைட்ல சான்றிதழ் காலாவதின்னு வருது. லெட்ஸ் என்க்ரிப்ட் தானா புதுப்பிச்சுக்கும்னு சொன்னீங்களே?

தானாகத்தான் புதுப்பிக்கும், வழி அடைபடாத வரை. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் அந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே அதைப் புதுப்பிக்கும் புரோகிராமான செர்ட்பாட் முயல ஆரம்பித்துவிடும். அதாவது காலாவதி ஆகியிருக்கிறது என்றால் வாரக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. 80-ஆம் போர்ட்டை யாரோ மூடியிருப்பார்கள், டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் வேறு முகவரிக்குப் போயிருக்கும், அல்லது டிஸ்க் நிரம்பியிருக்கும். புதிய சான்றிதழ் வந்தும் வெப் சர்வரை ரீலோட் செய்யாததால் பழையதையே காட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்டே மெயில் அனுப்பும். 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்த மன்றங்கள் இனி சொந்தமாக ஒரு கண்காணிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். கண்காணிக்கும் புரோகிராம் அதே சர்வரில் ஓடக் கூடாது.

மன்றத்துல இருந்து அனுப்புற மெயில் எல்லாம் ஸ்பேம்ல விழுது. என்ன பண்ணலாம்?

மெயில் சர்வரைச் சொந்தமாக ஓட்டாதீர்கள் என்பது என் கட்சி. கற்றுக்கொள்ள ஓட்டலாம். நிகழ்ச்சிப் பதிவு, பாஸ்வேர்டு மாற்றம் மாதிரி போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய மெயில்களை அதில் வைக்காதீர்கள்.

ஓட்டித்தான் ஆவேன் என்றால் மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும், ஐபி முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடி அதிகம்: யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும், நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். இன்னொரு பொறி, மன்ற முகவரிக்கு வருவதை அப்படியே பொறுப்பாளரின் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது. அப்போது அனுப்புவது உங்கள் சர்வர், முகவரியோ வேறொருவருடையது. எஸ்பிஎஃப் சோதனை உடைகிறது. உள்ளே வந்த ஸ்பேமுக்கும் உங்கள் சர்வரே கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிறது.

ரெய்டு தான் இருக்கே, அப்புறம் பேக்கப் எதுக்கு?

ரெய்டு, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதி வைப்பது, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்கள் தப்பாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் ஒழுங்காக அழித்துத் தரும்.

இதற்கு, புரோகிராம் கோடுகளைச் சேமித்துப் பகிரும் தளமான ஜிட்லேபின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஓர் இன்ஜினியர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபி போனது. பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாகப் பிரதி எடுப்பது) எடுக்கும் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் கிரான் மெயில்கள் போகத்தான் செய்தன. டிமார்க் ஒத்துவராததால் பெறும் பக்கம் நிராகரித்துவிட்டது. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கடைசியில் கைகொடுத்தது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், பாராட்ட வேண்டும்.

ஆகவே செமஸ்டருக்கு ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு டேட்டாபேஸை வேறு மெஷினில் உயிர்ப்பித்துப் பாருங்கள். புது அட்மினுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பேக்கப்பின் ஒரு பிரதி, மெயின் சர்வரின் ரூட்டால் அழிக்க முடியாத இடத்தில் இருக்கட்டும்.

ஃபயர்வால் ஆன் பண்ணேன், நானே வெளிய மாட்டிக்கிட்டேன். இப்ப?

கன்சோல், அதாவது மெஷினின் நேரடித் திரை, வழியாகப் போங்கள். வாடகை சர்வர் என்றால் கண்ட்ரோல் பேனலில் இருக்கும், சொந்த மெஷின் என்றால் சாவி யாரிடம் என்று தேடுங்கள். அடுத்த முறை எஸ்எஸ்எச் போர்ட்டைத் திறந்துவிட்டு ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள், பழைய இணைப்பை மூடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் ஆகிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தானாகவே ஃபயர்வாலை அணைக்கும் கட்டளை ஒன்றை முன்கூட்டியே போட்டுவைத்தால் இன்னும் நிம்மதி.

ஓடிட்டிருக்கிறதை ஏன் தொடணும்? அப்டேட் பண்ணா ஏதாவது உடையும்.

உடையலாம். செய்யாவிட்டால் வேறொருவர் வந்து உடைப்பார். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே இறங்கும்படி விடுங்கள். கெர்னல் அப்டேட் ரீபூட் செய்தால்தான் அமலுக்கு வரும் என்பதை மறக்காதீர்கள். "எங்கள் சர்வர் 400 நாளாக ரீபூட் ஆகவில்லை" என்று பெருமை பேசினால், பழைய கெர்னலில் ஓடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்வேன். திரும்ப எழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது என்பதும் அதில் அடக்கம்.

பெரிய பதிப்பு மாற்றத்தை மட்டும் விடுமுறைக்குத் தள்ளுங்கள், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் வேண்டாம். சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. இன்னும் அதில் ஓடும் மன்ற சர்வர் இருந்தால் இந்த விடுமுறைதான் நேரம்.

எனக்கும் ரூட் பாஸ்வேர்டு கொடுங்க, நானும் டெக் டீம் தானே?

ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது. அவரவர் கணக்கில் சுடோ (ரூட் வேலையைத் தன் பெயரிலேயே செய்யும் அனுமதி) உண்டு. பத்துப் பேர் ஒரே பாஸ்வேர்டில் ரூட்டாக நுழைந்தால் யார் என்ன செய்தார்கள் என்று லாகில் தெரியாது. ஒருவர் விலகினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். சுடோவில் இரண்டுமே எளிது. வெப்சைட்டை மட்டும் பார்க்கிறவருக்கு வெப் சர்வரை ரீலோட் செய்யும் அனுமதி மட்டும் தரலாம். சுடோ அமைப்பை, பிழை இருக்கிறதா என்று சோதித்துச் சேமிக்கும் விசுடோவில்தான் திருத்த வேண்டும். சாதாரண எடிட்டரில் திருத்தி ஒரு எழுத்து பிசகினால் சுடோ வேலை செய்யாமல் போகலாம்.

போன பேட்ச் அட்மின் அண்ணா போயிட்டாரு. டொமைன் அவர் பேர்ல, ஓடிபி அவர் ஃபோனுக்குப் போகுது. என்ன செய்யறது?

மேலே உள்ள எல்லாப் பிரச்சினையைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். டிஸ்க் நிரம்பினால் ஒரு மணி நேரத்தில் சரியாகும். டொமைன் போனால் வெப்சைட், மெயில், சான்றிதழ் எல்லாம் ஒன்றாகப் போகும்.

முதலில் அவரைப் பிடியுங்கள், நல்லபடியாகப் பேசுங்கள். புது வேலையில் இருக்கும் மனிதருக்கு நம் அவசரம் தெரியாது. டொமைனை மன்றத்தின் பொது முகவரியில் உள்ள கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். டாட் காம், டாட் ஆர்க் போன்றவை காலாவதியானாலும் உடனே பறிபோகாது. பதிவாளர் சில காலம் புதுப்பிக்க விடுவார். நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அந்த நிலைக்குப் போகாதீர்கள்.

பிறகு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: டொமைன் எங்கே, எப்போது முடிகிறது, சர்வருக்கு யார் கார்டிலிருந்து பணம் போகிறது, டிஎன்எஸ் எங்கே, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் ரெகவரி கோடுகள் எங்கே. பாஸ்வேர்டுகள் அந்தப் பக்கத்தில் வேண்டாம்; அவை பகிர்ந்த பாஸ்வேர்டு மேனேஜரில், குறைந்தது இரண்டு பேர் கையில். அந்த இரண்டு பேரும் ஒரே ஆண்டில் படிப்பு முடிக்கிறவர்களாக இருக்கக் கூடாது. பொறுப்பு ஒப்படைப்பைக் கடைசி செமஸ்டரில் வைத்தால் நடக்காது, அப்போது எல்லோருக்கும் வேறு கவலை. முந்தைய செமஸ்டரிலேயே புதியவர் செய்ய, பழையவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும்.

படிப்பு முடிச்சவங்க அக்கவுன்டை லாக் பண்ணிட்டோம். போதும்தானே?

பாஸ்வேர்டை மட்டும் லாக் செய்தால் போதாது. எஸ்எஸ்எச் கீ வைத்திருப்பவர் அப்படியே உள்ளே வருவார். கணக்கையே காலாவதி ஆக்குங்கள், கிரான் வேலைகளை எடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களைப் பாருங்கள்.

கணக்கை அழிக்கும்போது இன்னொரு சிக்கல். ஃபைல்கள் எண்ணுக்குச் சொந்தம், பெயருக்கு அல்ல. பழைய ஆளின் யூசர் எண் காலியாகி, அடுத்த ஆண்டு புது மாணவிக்கு அதே எண் போனால், டிஸ்க்கில் எங்கோ மிச்சமிருக்கும் பழைய ஃபைல்கள் எல்லாம் அவருடையதாகிவிடும். எண்ணைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

சர்வர்ல யாரோ புகுந்துட்டாங்கன்னு தோணுது. அந்த புராசஸை கில் பண்ணா போதுமா?

கில் செய்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப வரும், கிரானில் எழுதி வைத்திருப்பான். முதலில் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். லாகுகளையும் டிஸ்க்கின் ஒரு பிரதியையும் வேறு இடத்துக்கு எடுங்கள். கல்லூரி நெட்வொர்க் பிரிவுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் கண்டுபிடித்து வந்து கேட்பதைவிட அது நல்லது.

சுத்தம் செய்து தொடரலாம் என்று நினைக்காதீர்கள். ரூட் வரை போனவன் எதை மாற்றினான் என்று அந்த சர்வரையே கேட்டு நம்ப முடியாது. புதிதாக இன்ஸ்டால் செய்து, டேட்டாவை மட்டும் பேக்கப்பிலிருந்து கொண்டுவாருங்கள். அதற்கு முன் எப்படி வந்தான் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் அதே வழியில் திரும்ப வருவான். மன்றங்களில் வழக்கமான வழிகள்: யாரோ சோதனைக்கு உருவாக்கிய டெஸ்ட் என்ற கணக்கு, பாஸ்வேர்டும் டெஸ்ட்; கைவிடப்பட்ட வேர்ட்பிரஸ்; கோடின் எல்லாப் பதிப்புகளையும் வைத்திருக்கும் கிட் ரெப்போவில் தவறிப் போட்ட டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியக் குறி). அடுத்த கமிட்டில் டோக்கனை நீக்கினாலும் வரலாற்றில் அது இருக்கும், ரத்து செய்தால்தான் தீரும்.

அட்மினா இருந்தா மத்தவங்க ஃபைலைப் பார்க்கலாமா?

பார்க்க முடியும், பார்க்கக் கூடாது. டிஸ்க் நிரம்பும்போது யார் ஃபோல்டர் எத்தனை ஜிபி என்று அளவைப் பார்ப்பது வேலை; உள்ளே என்ன என்று திறப்பது வேலை இல்லை. "காப்பி அடிச்சிருக்கானான்னு பார்த்துச் சொல்லு" என்று ஆசிரியரே கேட்டாலும் நீங்களாகத் திறக்காதீர்கள்; எழுத்தில் கேட்கச் சொல்லி மன்றப் பொறுப்பாசிரியரிடம் அனுப்புங்கள். ஊடுருவல் விசாரணை மாதிரி திறந்தே ஆக வேண்டிய நேரத்தில் இரண்டு அட்மின்கள் சேர்ந்து பாருங்கள், எதை எதற்காகத் திறந்தீர்கள் என்று குறித்து வையுங்கள், முடிந்ததும் அந்த உறுப்பினரிடம் சொல்லிவிடுங்கள்.